கல்லானது யார்? – ‘சாபவிமோசன’த்துக்குச் சொல்லப்படும் பொருள்கள் மீது ஒரு மறுப்பு

1

தமிழ்ச் சிறுகதை பற்றி நமது வகுப்பறைகளிலும் கருத்தரங்குகளிலும் நிகழ்கின்ற உரையாடல்களில் ‘குறியீடு’ என்னும் சொல் அளவுக்கு மிஞ்சிப் புழங்குகின்றது. கதையில் மழை பெய்தால் அது குறியீடு. கதவு சாத்தப்பட்டால் அதுவும் குறியீடு. குறிப்புக் கொப்பியின் இடப்பக்கத்தில் பொருளின் பெயரையும் வலப்பக்கத்தில் அதன் அர்த்தத்தையும் எழுதி, நடுவே ஒரு சமக்குறியை இட்டுவிட்டால் இலக்கியம் விளங்கிவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கின்றோம். பரீட்சைக்கு இது போதுமானதாக இருக்கலாம். ஆனால், சில படைப்புகளைப் பொறுத்தவரை இச்சமக்குறி ஓர் அநீதிக்குத் துணைபோகின்றது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ அத்தகையதொரு படைப்பு. 1943ஆம் ஆண்டு ‘கலைமகள்’ இதழில் வெளிவந்த இக்கதை கல்லாகக் கிடக்கும் அகலிகையுடன் தொடங்கி, அவள் மீண்டும் கல்லாவதுடன் முடிகின்றது. ‘முதற் கல் சாபத்தின் குறியீடு, இரண்டாம் கல் விரக்தியின் குறியீடு, ஆகவே ஆசிரியரின் நம்பிக்கை வறட்சி இதனால் புலனாகின்றது’ என்று மாணவர் கருத்தரங்கொன்றில் ஒருவர் கட்டுரை வாசித்தார். அவையினர் தலையசைத்து ஏற்றுக்கொண்டனர். நானும் அவ்வவையில் வாய்திறவாது அமர்ந்திருந்தேன். அன்று சொல்லாது விட்டதை இப்போது சொல்ல முற்படுகின்றேன்.

எனது துணிபு இதுதான்: அகலிகை இரண்டாம் தடவை கல்லாவது இக்கதையின் உருமாற்றம் அன்று, அவ்வுருமாற்றத்தின் கடைசி விளைவு மாத்திரமே. அவளுக்கு முன்னரே அவளைச் சூழ்ந்த ஊர் இறுகிவிடுகின்றது. ஊரின் சொல் இறுகிவிடுகின்றது. அவளை விடுவித்தவனின் நீதியும் இறுகிவிடுகின்றது. இவ்வளவும் இறுகிய பின்னரே அவள் உடல் இறுகுகின்றது. இவ்வரிசையை மறந்து கடைசிக் கல்லை மட்டும் சுட்டிக்காட்டி ‘இது விரக்தி’ என்று பெயரிடும் விமர்சனம் ஊரைத் தப்பவிட்டுப் பெண்ணைக் குற்றக்கூண்டில் ஏற்றுகின்றது.

2

முதலில் குறியீடு பற்றிச் சில சொற்கள். நமது மரபுக்கு இது அந்நியமான பொருளன்று. தொல்காப்பியர் உள்ளுறை உவமம் பற்றிப் பேசுமிடத்து, கருப்பொருளின் நிகழ்ச்சிக்குள் வேறொரு பொருள் மறைந்து கிடக்கும் பாங்கையே விளக்குகின்றார். உள்ளுறையில் ஒரு தனிப்பொருள் இன்னொரு தனிப்பொருளுக்கு ஈடாக நிற்பதில்லை. எருமை தாமரையை மேய்கின்ற செயல் முழுவதும் தலைவனின் நடத்தை முழுவதையும் குறிப்பாக உணர்த்துகின்றது. எருமையை மட்டும் பிரித்தெடுத்து அதற்கு அகராதிப் பொருள் தேடுபவன் செய்யுளை இழந்துவிடுவான்.

மேலைத்தேயத்திலும் நிலை இதுவே. உருமாற்றம் என்றவுடன் நமது மாணவர் வாயில் முதலில் வரும் பெயர் காஃப்கா. 1915இல் வெளிவந்த அவரது ‘உருமாற்றம்’ என்னும் நெடுங்கதையில் கிரகர் சம்சா ஒரு காலையில் பூச்சியாகக் கண்விழிக்கின்றான். பூச்சி எதைக் குறிக்கின்றது என்ற வினாவுக்கு ஆயிரம் விடைகள் எழுதப்பட்டுள்ளன. காஃப்காவோ நூலின் அட்டையில் அப்பூச்சியை வரையவே வேண்டாமெனப் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். அக்கதையை நிதானமாகப் படிப்போர் ஒன்றைக் காண்பர். கிரகர் முதல் வாக்கியத்திலேயே மாறிவிடுகின்றான். அதன்பின் பக்கம் பக்கமாக மாறிக்கொண்டிருப்பவர்கள் அவனது தந்தையும் தாயும் தங்கையுமே. அவனுழைப்பில் உண்டவர்கள், அவன் இறந்ததும் ஒரு நாள் விடுமுறை எடுத்து ஊருக்கு வெளியே உலாப் போகின்றார்கள். மாறியவன் ஒருவன், மாற்றம் வெளிப்படுவது மற்றவர்களிடத்தில். ‘சாபவிமோசன’த்தையும் இவ்வகையிலேயே அணுகுதல் வேண்டும்.

3

அகலிகையின் கல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. வான்மீகியின் பாலகாண்டத்தில் அவள் கல்லாவதே இல்லை. காற்றை உணவாகக் கொண்டு, சாம்பலிற் கிடந்து, எவர் கண்ணுக்கும் புலப்படாதவளாக ஆச்சிரமத்தில் இருக்குமாறு அவள் சபிக்கப்படுகின்றாள். வந்தவன் இந்திரன் என்பதை அறிந்தே அவள் இணங்கியதாகவும் அங்குக் கூறப்படுகின்றது. தமிழிலோ கல்லுருவம் மிகப் பழையது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்துச் சித்திரக்கூடத்தை வருணிக்கின்றது. அங்கே பூனை வடிவில் இந்திரன், அகலிகை, கோதமன், அவள் கல்லான நிலை யாவும் தீட்டப்பட்டிருக்கின்றன. வந்திருப்போர் ஒவ்வொன்றையும் சுட்டி, இன்னது இன்னதென ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கின்றனர். கம்பனும் அவளைக் கல்லாகவே காட்டுகின்றான். ஆயினும் நெஞ்சினாற் பிழை செய்யாதவளென்று கூறி அவளைக் கணவனிடம் சேர்ப்பிக்கின்றான். அத்துடன் அவள் கதை நிறைவுறுகின்றது. விமோசனத்துக்கு அடுத்த நாள் அவள் தண்ணீர் எடுக்கப் போனாளா, போனவழியில் யார் என்ன சொன்னார்கள் என்ற வினா காவியத்துக்கு எழவில்லை.

அவ்வினாவை எழுப்பியவர் புதுமைப்பித்தன். அவரும் அதனை ஒரே நாளில் எழுப்பிவிடவில்லை. 1934இல் அவர் எழுதிய ‘அகல்யை’ என்னும் சிறுகதை நமது கருத்தரங்குகளில் அதிகம் பேசப்படுவதில்லை. அக்கதையில் சாபமும் இல்லை, கல்லும் இல்லை. நடந்ததை அறிந்த கௌதமன் அமைதியாக, உடலுக்கு நேர்ந்ததைக் கொண்டு உள்ளத்தின் தூய்மையை அளக்கவியலாதென்ற தெளிவோடு அவளை ஏற்றுக்கொள்கின்றான். இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவரின் கதை அது. கணவன் பகுத்தறிவுடையவனாக இருந்துவிட்டாற் போதும், சிக்கல் தீர்ந்துவிடும் என்று அது நம்புகின்றது.

ஒன்பது ஆண்டுகளின் பின் அதே எழுத்தாளர் அதே பெண்ணிடம் திரும்பி வருகின்றார். இம்முறையும் கோதமன் கொடியவன் அல்லன். தனது சாபத்தின் அநியாயத்தை உணர்ந்தவன். தானும் புற்றுக்குள் மூடுண்டு கிடந்து மீண்டவன். மனைவியைக் குற்றவாளியாகக் கருதாதவன். ஆயினும் இக்கதையில் அகலிகை மீளவில்லை. ஏன்? 1934இன் கதையில் ஆச்சிரமத்துக்கு வெளியே எவருமில்லை. 1943இன் கதையில் ஆற்றங்கரை இருக்கின்றது; அங்குப் பெண்கள் இருக்கின்றனர்; அவளைக் கண்டதும் விலகி, இவள்தான் அவள் என்று இனங்காட்டும் வாய்கள் இருக்கின்றன. அவ்வார்த்தைகள் கணவனின் சாபத் தீயிலும் அதிகமாக அவளைச் சுட்டன என்பது கதை தரும் செய்தி. பரிபாடற் காலத்துச் சித்திரக்கூடத்தில் நீட்டப்பட்ட விரலே இவ்வாற்றங்கரையிலும் நீட்டப்படுகின்றது எனலாம். இரண்டு கதைகளையும் ஒப்புநோக்குபவர்க்கு ஓருண்மை தெளிவாகும்: கணவனின் மன்னிப்பு வீட்டு வாசலுடன் முடிந்துவிடுகின்றது என்பதையே அவ்வொன்பது ஆண்டுகளில் புதுமைப்பித்தன் கண்டறிந்திருக்கின்றார்.

4

இனி, வழக்கிலுள்ள மூன்று விளக்கங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, உளவியல் விளக்கம். உயிர்பெற்ற அகலிகை எதிர்ப்படும் ஆடவரையெல்லாம் இந்திரனெனக் கண்டு அஞ்சுகின்றாள். யார் எதைப் பேசினாலும் அச்சொல்லுக்குள் வேறு பொருள் இருக்குமோ என்று மனத்தினுள் புரட்டிப் புரட்டிப் பார்க்கின்றாள். இது மனநோய் என்றும், கல்லாதல் அந்நோயின் முற்றிய நிலை என்றும் கூறுவர். அவளது துன்பத்தை இவ்விளக்கம் சரியாகவே காண்கின்றது. அதன் காரணத்தையோ அவளது மண்டைக்குள் வைத்துப் பூட்டிவிடுகின்றது. அவள் சொற்களைச் சந்தேகிப்பது ஆதாரமற்ற சந்தேகமா? ஆற்றங்கரையில் அவள் கேட்ட சொற்கள் கற்பனையா? ஒரு பெண்ணுக்கு எதிராக ஊரே இரட்டைப் பொருளிற் பேசும்போது, ஒவ்வொரு சொல்லிலும் இரண்டாவது பொருளைத் தேடுபவளை நோயாளியென்று அழைப்பது எவ்வகை நியாயம்? அவளது செவி பழுதின்றியே இருந்தது. பழுதுபட்டது அவளைச் சுற்றியிருந்தோர் பேசிய மொழி.

இரண்டாவது, நம்பிக்கை வறட்சி என்னும் விளக்கம். புதுமைப்பித்தனைப் பற்றிப் பேசும் எவரும் இத்தொடரைக் கையிலெடுக்காமல் இருப்பதில்லை. விரக்தியினால் அவள் கல்லானாள் எனில், அவளது நம்பிக்கை எதன் மீதிருந்தது, எப்போது முறிந்தது என்று கேட்டல் வேண்டும். கதை அதனை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றது. பதினான்கு ஆண்டுகள் கழித்து இராமனும் சீதையும் அவளது குடிலுக்கு வருகின்றனர். இலங்கையில் நடந்தவற்றைப் பேசிக்கொண்டிருந்த சீதை, தான் தீயில் இறங்க நேர்ந்ததையும் இயல்பாகச் சொல்கின்றாள். இராமனா அதனைக் கேட்டான் என்று அகலிகை அதிர்ந்துபோகின்றாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்பது சீதை சிரித்துக்கொண்டே சொன்ன சமாதானம். உள்ளத்துக்குத் தெரிந்தது போதாதா என்பதே அகலிகையின் நிலைப்பாடு. அவளது நம்பிக்கை இராமனின் தீர்ப்பின் மீது நின்றது. அத்தீர்ப்பு அவளுக்குத் தந்த சலுகையன்று, எல்லாப் பெண்களுக்குமான நீதி என்று அவள் நம்பியிருந்தாள். தன் மனைவியிடம் இராமன் அதே நீதியைக் காட்டவில்லை எனத் தெரிந்த கணத்தில், தனக்குக் கிடைத்தது நீதியன்று என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடுகின்றது. ஒருத்தியை ஊரறிய விடுவித்துவிட்டு, மற்றொருத்தியிடம் ஊருக்காகச் சான்று கேட்கும் நீதிபதியின் முன்னைய தீர்ப்பு செல்லுமா? இது மனத்தளர்ச்சி அன்று. தருக்க முறையில் எட்டப்பட்ட முடிவு. இதனை விரக்தி என்பது அவளது அறிவை அவமதிப்பதாகும்.

மூன்றாவது விளக்கம் இராமனைச் சுற்றியது. இக்கதை இராமனைத் தாக்குகின்றது என்று கொதிப்போர் உளர். தாக்குகின்றது என்று மகிழ்வோரும் உளர். இரு சாராரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். இராமன் தீயவனாகச் சித்திரிக்கப்பட்டிருந்தால் இக்கதையின் வலிமை பாதியாகக் குறைந்திருக்கும். இங்கு அவன் நல்லவன். அகலிகைக்குத் தாயின் இடத்தை அளித்தவன். நல்லவர்களும் உலகம் என்ன சொல்லும் என்ற கேள்வியின் முன் வளைந்துகொடுக்கின்றனர் என்பதனாலேயே அகலிகைக்குப் போக்கிடம் இல்லாமற் போகின்றது. உலகு என்னும் அச்சொல்லே இக்கதையில் எவரையும்விட ஆற்றல் வாய்ந்த பாத்திரம். அதற்கு முகமில்லை, ஆகவே அதனை எவரும் சபிக்கவும் இயலாது.

இம்மூன்று விளக்கங்களும் கோதமனின் உருமாற்றத்தைக் கவனிக்கவில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். தொடக்கத்தில் இந்திரன் கோதமன் வடிவில் வந்தான். இறுதியிலோ, ஒரு குழந்தை பிறந்தால் அவள் மனம் ஆறக்கூடும் என்ற அன்போடு அணைக்க வரும் கோதமனே அவள் கண்ணுக்கு இந்திரன் வடிவிற் தோன்றுகின்றான். ஏமாற்றுக்காரன் கணவனாகத் தெரிந்த நாளிலிருந்து, கணவன் ஏமாற்றுக்காரனாகத் தெரியும் நாள்வரை கதை நடந்திருக்கின்றது. அவ்விரு நாள்களுக்கும் இடையில் கோதமன் புதிதாக யாதொரு தீங்கும் செய்யவில்லை. செய்தது ஊர். பின்னர் அவள் கல்லாகின்றாள். அவன் துறவியாகிக் கைலையை நோக்கி நடக்கின்றான். இருவரும் இல்லறத்தை இழந்தவர்களே. ஆனால் அவனது இழப்புக்கு ஒரு பாதை இருக்கின்றது, கால்கள் இருக்கின்றன, துறவு என்னும் மதிப்பான பெயரும் இருக்கின்றது. அவளது இழப்புக்குக் கிடைத்தது கிடந்த இடம் மாத்திரமே. இவ்வேற்றத்தாழ்வை விட்டுவிட்டுக் கல்லுக்கு மட்டும் பொருள் எழுதுவது முறையாகாது.

5

‘இதெல்லாம் இருக்கட்டும், இது நம்முடைய கதையா?’ என்று எங்களூர்ப் பக்கத்தில் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரை நீளும் எங்கள் கரையோரத்தில், இதிகாசப் பாத்திரமொன்றைப் பற்றி முஸ்லிம் மாணவி ஒருத்தி ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்பது அவ்வினாவின் உட்கிடை.

எனது முதல் விடை எளியது. தமிழ் எங்கள் தாய்மொழி. உமறுப்புலவர் சீறாப்புராணத்தைப் பாடவந்தபோது நாட்டுப் படலமும் நகரப் படலமும் அமைத்துத் தமிழ்க் காப்பிய மரபைத் தனதாக்கிக்கொண்டார். கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் தமிழ் விமர்சனத்தின் முன்வரிசையில் நின்று எழுதியபோது, இவ்விலக்கியம் யாருக்குச் சொந்தம் என்று எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒரு மொழியிற் பேசுகின்றவர்களுக்கு அம்மொழியின் படிமங்களும் உரியவை. அவற்றைப் படிப்பது வேறு, வணங்குவது வேறு.

இரண்டாவது விடையே முக்கியமானது. அகலிகைக்கு நேர்ந்ததை அளந்து பார்க்க எங்களிடம் ஓர் அளவுகோல் இருக்கின்றது. அதனை நாங்கள் ஓதுகின்றோம், பயன்படுத்துவதில்லை. திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமாகிய சூறத்துந் நூர், அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூறை அடுத்து அருளப்பட்ட வசனங்களைக் கொண்டது. பயணமொன்றில் கழுத்துமாலையைத் தேடிச் சென்று பின்தங்கிவிட்ட அவர்களை ஸஃப்வான் என்னும் தோழர் தமது ஒட்டகத்தில் ஏற்றி அழைத்து வந்தார். அவ்வளவுதான் நடந்தது. மதீனா ஏறக்குறைய ஒரு மாதம் அதைப் பேசியது. அன்னையவர்கள் நோயுற்றுப் பெற்றோர் வீட்டுக்குச் சென்று அழுதுகொண்டிருந்தார்கள். பின்னர் இறங்கிய வசனங்கள் அவர்களைக் குற்றமற்றவர் என அறிவித்ததோடு நிற்கவில்லை. கேள்விப்பட்டவுடனேயே நல்லெண்ணம் கொள்ளாதிருந்தது ஏன் என்று ஊரைக் கேட்டன. நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதது ஏன் என்று அவதூறு சொன்னவர்களைக் கேட்டன. இலேசான விடயமென நீங்கள் நாவினாற் பரப்பியது இறைவனிடத்தில் பாரதூரமானது என்று எச்சரித்தன. சாட்சிகளின்றிப் பழி சுமத்துபவனுக்கு எண்பது கசையடி என்பதும் அதே அத்தியாயத்திலேயே விதிக்கப்பட்டுள்ளது.

இங்கு நான் வேதத்தையும் சிறுகதையையும் ஒன்றாக்கவில்லை. சான்று கொணரும் கடமை எவர் மீது சுமத்தப்பட்டிருக்கின்றது என்பதையே காட்ட விரும்புகின்றேன். சீதையின் தீக்குளிப்பில் அக்கடமை பழிசுமத்தப்பட்டவள் மீது விழுகின்றது. சூறத்துந் நூரில் அது பழிசுமத்தியவன் மீது விழுகின்றது. அகலிகை வேண்டிநின்றது இரண்டாவது வகை நீதியை. அப்படியானால், அந்நீதியைத் தம் வேதமாகக் கொண்டுள்ள எங்கள் ஊர்களிலாவது அகலிகைகள் இருத்தல் ஆகாதன்றோ?

இருக்கின்றார்கள். எனது தெருவில் ஒரு ராத்தா எங்களுக்கு ஓதிக்கொடுத்தார். அஸருக்குப் பின் அவரது விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு சிறுமிகள் பாயில் அமர்ந்திருப்போம். அலிப் முதல் நான் ஓதப் பழகியது அவரிடமே. எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவரைப் பற்றியும், வீட்டுக்குத் திருத்த வேலைக்கு வந்துபோன ஒருவரைப் பற்றியும் ஒரு கதை கிளம்பியது. ஊர்ப் பெரியோர் கூடி விசாரித்தனர். யாதொரு சான்றும் இல்லை என்றும், அவர் மீது குற்றமில்லை என்றும் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. விமோசனம் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் பாயில் ஐந்து பேர் இருந்தனர். அதற்கடுத்த வாரம் இருவர். மூன்றாம் வாரம் என் உம்மா என்னை வேறோர் இடத்துக்கு ஓத அனுப்பினார். நான் ஏனென்று கேட்டேன். ‘அவவில ஒரு குத்தமும் இல்ல மகள். ஊர்ர வாய ஆர் மூடுற?’ என்றார். உம்மா நல்லவர். அவர் சொன்னதைத்தான் கதையில் சீதையும் வேறு சொற்களிற் சொல்கின்றாள்.

கிழக்குக் கரையோர முஸ்லிம்களாகிய எங்களிடையே தாய்வழிக் குடி முறை இன்றும் நிலைத்திருக்கின்றது. மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதும் வழக்கம். ஆகவே ராத்தாவை எவரும் வீட்டை விட்டு வெளியேற்றவில்லை. வெளியேற்றவும் இயலாது, வீடு அவருடையது. இதனைக் காட்டி எங்கள் பெண்களின் நிலை உயர்ந்ததென்று பெருமை பேசுவோர் உண்டு. அப்பெருமையில் உண்மையும் உண்டு. ஆனால் வீட்டை விட்டுத் துரத்தாமலே ஒரு தெருவை ஒருத்திக்கு மூடிவிடலாம் என்பதை நான் கண்ணாற் கண்டேன். முதலில் விறாந்தையிற் பாய் இல்லாமற் போயிற்று. பின்னர் முன்கதவு பகலிலும் சாத்தப்பட்டது. கதையில் அடிபட்ட அம்மனிதர் மத்திய கிழக்குக்குப் போய்ச் சில ஆண்டுகளில் திரும்பி வந்து சந்தையில் கடை வைத்திருக்கின்றார். அவரிடம் எல்லோரும் சாமான் வாங்குகின்றனர். அவர் மீதும் குற்றமில்லை என்றே தீர்ப்பாயிற்று. அவருக்கு அத்தீர்ப்புப் பலித்தது. அவருக்குப் போகவும் வரவும் வழி இருந்தது. கைலைக்குப் போன கோதமனைப் படித்தபோது எனக்கு அக்கடைதான் நினைவுக்கு வந்தது.

6

எனது வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதனைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. ‘அகலிகையைக் கல்லாக்கியது ஊர் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கல்லாக்கி முடித்துவிட்ட ஆசிரியர், பெண்ணுக்கு வேறு வழியே இல்லை என்றல்லவா சொல்லிவிடுகின்றார்? பேசாமலிருப்பதே அவளது கண்ணியம் என்று இதனை எடுத்துக்கொள்வோர் இல்லையா?’ என்பது அது.

இதனுடன் 1966இல் ஜெயகாந்தன் எழுதிய ‘அக்கினிப் பிரவேச’த்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அக்கதையில் வஞ்சிக்கப்பட்டு வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ தூய்மையாகிவிட்டாய் என்கின்றாள். கல் இல்லை, தீ இல்லை, குடம் நீர் போதும். இதுவே முற்போக்கான தீர்வு என்று புகழப்பட்டது, கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. ஆனால் அத்தாயின் தீர்வுக்கு ஒரு நிபந்தனை இருக்கின்றது: விடயம் வீட்டைத் தாண்டக் கூடாது. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் நாவலில் ஜெயகாந்தனே அந்நிபந்தனையை நீக்கிப் பார்க்கின்றார். தாய் வாய்விட்டு அலறுகின்றாள், அக்கம்பக்கம் அறிந்துகொள்கின்றது, கங்காவின் வாழ்வு வேறு திசையிற் போய்விடுகின்றது. ஆக, குடம் நீர் தெருவரை எட்டுவதில்லை என்பதில் இரு பெரும் எழுத்தாளர்களும் ஒத்துப்போகின்றனர். வேறு வழி இல்லையென்று புதுமைப்பித்தன் சொல்லவில்லை. வழி பெண்ணின் கையிலோ கணவனின் கையிலோ தாயின் கையிலோ இல்லை, ஆற்றங்கரையில் நின்றோர் கையில் இருந்தது என்றே அவரது கதை சொல்கின்றது. அவர்களுள் ஒருத்தி விலகாமல் நின்று அகலிகையுடன் தண்ணீர் எடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். அப்படியொருத்தி அங்கு இல்லை. இதனை நம்பிக்கை வறட்சி என்று பெயரிட்டு ஆசிரியரின் குணத்தோடு ஒட்டிவிடுவது, அக்குற்றச்சாட்டிலிருந்து நாம் தப்பிக்கொள்ளும் உபாயமாகும்.

எனவே நமது விமர்சனம் கேட்க வேண்டிய வினா மாறுதல் வேண்டும். கல் எதைக் குறிக்கின்றது என்று கேட்பதை நிறுத்துவோம். அவள் கல்லாகும்வரை யார் யார் எங்கெங்கு நின்றுகொண்டிருந்தனர் என்று கேட்போம். கேட்டால், நம்முடைய இடமும் அதில் தெரியவரும். பத்து வயதுச் சிறுமி அன்று ஒன்றும் செய்திருக்க முடியாது என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். பதினைந்து வயதில்? பதினெட்டு வயதில்? அத்தெரு வழியாகவே நான் பாடசாலைக்கும், பின்னர் பஸ் தரிப்பிடத்துக்கும் நடந்து போயிருக்கின்றேன். சாத்திய கதவைப் பார்த்தும் பாராதவள் போலவே போயிருக்கின்றேன். கருத்தரங்கில் வாய்திறவாமல் இருந்தவளும் நானே.

கடந்த விடுமுறையில் அக்கதவைத் தட்டினேன். ராத்தா திறந்தார். என்னை அடையாளம் காண அவருக்குச் சற்று நேரம் எடுத்தது. உள்ளே அழைத்து இருக்கச் சொன்னார். தேநீர் தந்தார். ‘எத்தினையாம் ஜுஸு ஓதுறாய் இப்ப?’ என்று கேட்டார். ஓதுவதை இடையில் விட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் பேசினார், சிரித்தார், எனது உம்மாவின் சுகம் விசாரித்தார். எந்தச் சொல்லிலும் குத்தல் இருக்கவில்லை. கல்லைக் காணப்போவதாக எண்ணிக்கொண்டு சென்ற நான் அங்குக் கண்டது கல்லையன்று.

உயர்கல்வி கற்று, குறியீடு பற்றியும் படிமம் பற்றியும் கட்டுரை எழுதும் என் சக மாணவ மாணவியரிடம் ஒரு வேண்டுகோளை முன்வைத்து இதனை முடிக்கின்றேன். உங்கள் ஊரிலும் சாத்திய கதவு ஒன்று இருக்கும். தீர்ப்பு எப்போதோ சொல்லப்பட்டிருக்கும். குற்றமில்லை என்றே சொல்லப்பட்டிருக்கும். அடுத்த விடுமுறையில் அக்கதவைத் தட்டுங்கள். உங்கள் வீட்டுச் சிறுமிகளை அங்கு ஓதவோ படிக்கவோ அனுப்பச் சொல்லி உம்மாவிடம் வாதாடுங்கள். அதன்பின் ‘சாபவிமோசன’த்தை மறுபடியும் எடுத்துப் படியுங்கள். அக்கதைக்குக் குறிப்பு எழுதும் தகுதி அப்போதுதான் நமக்கு வரும்.